பெட்டி வந்துவிட்டது, ஆர்கானுக்குக் காசில்லை

அறிவியல் ஆராய்ச்சித் திட்டங்களுக்கு நிதி பரிந்துரைக்கும் நிபுணர் குழுவினருக்கு,

வணக்கம். சோடியம் அயனி மின்கலங்களுக்கான புதிய சேர்மங்களைத் தேடும் உதவிப் பேராசிரியர் நான். முதல் திட்ட நிதியில் ஒரு க்ளவ் பாக்ஸ் (காற்றுப் புகாமல், கையுறை வழியே உள்ளே கைவிட்டு வேலை செய்யும் பெட்டி) வாங்கினேன். கருவி வாங்கத் தாராளமாகக் கிடைத்தது. அதை ஓட்டத்தான் கிடைக்கவில்லை. இந்த மடல் அதைப் பற்றி மட்டுமே.

உங்களுக்குத் தெரியாததல்ல, ஆனாலும் சொல்கிறேன். சோடியமும் நிக்கல், மாங்கனீசு, இரும்பும் சேர்ந்த அடுக்கு ஆக்சைடுதான் எங்கள் மின்முனைப் பொருள்; அது சூளையிலிருந்து கறுப்புப் பொடியாக வரும். எங்கள் கடலோர ஊரில் அதைத் திறந்து வைத்தால், காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் அடுக்குகளுக்கு நடுவிலிருக்கும் சோடியத்தை வெளியே இழுத்து, பொடியின் மேல் கார்பனேட்டாகப் படியவிடும். பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. பொடியை ஒட்டவைக்கும் பைண்டரும் கரைப்பானும் விட்டு அரைக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். அலுமினியத் தாளில் பூச வேண்டிய குழம்பு உறை ஊற்றிய பால் மாதிரி கட்டிவிடும். அப்புறம் அந்தப் பொடியைக் கொட்ட வேண்டியதுதான்.

அதற்காகத்தான் க்ளவ் பாக்ஸ். உள்ளே எதனோடும் எளிதில் வினைபுரியாத ஆர்கான் வாயு மட்டும். ஈரமும் ஆக்சிஜனும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருக்க வேண்டும். விடுமுறை என்று அணைத்து வைக்க முடியாது. சிலிண்டர் தீரும், கையுறை கிழியும், வாயுவைச் சுத்திகரிக்கும் பகுதியை ஹைட்ரஜன் கலந்த வாயு விட்டு அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும்.

இரண்டாம் ஆண்டுத் தவணை மாதக்கணக்கில் வரவில்லை. கருவிக்கென்று ஒதுக்கிய செலவுத் தலைப்பில் கொஞ்சம் மீதமிருந்தது. அதில் சிலிண்டர் வாங்கலாமா என்று கேட்டதற்கு, தலைப்பு மாற்ற இயலாது என்று பதில் வந்தது. நிதியாண்டு முடியும் மார்ச் 31 வந்தது, மீதத்தைத் திருப்பிக் கட்டினோம். உதவித்தொகையும் வராத என் ஆய்வு மாணவி பக்கத்துத் துறையில் போய் ஆர்கான் கடன் கேட்டு நின்றார்.

செய்த மின்கலத்தைச் சோதிப்பதும் இப்படித்தான். ஒரு மணி நேரம் சார்ஜ், ஒரு மணி நேரம் டிஸ்சார்ஜ் என 500 சுற்று ஓட்டினால் 1000 மணி நேரம், அதாவது நாற்பது நாளுக்கு மேல். நடுவில் கரன்ட் போனால் யூபிஎஸ் தாங்க வேண்டும். அதன் பேட்டரி செத்தால் மாற்ற எங்களிடம் தலைப்பு இல்லை. பேட்டரி ஆய்வகத்தில் பேட்டரிக்குக் காசில்லை! நாங்கள் சிரித்தாகிவிட்டது, நீங்களும் சிரிக்கலாம்.

லித்தியத்துக்கு இந்தியா வெளிநாட்டை நம்பியிருக்கிறது; சோடியமோ தூத்துக்குடி உப்பளங்களிலேயே குவிந்து கிடக்கிறது என்று மேடைதோறும் பேசுகிறோம். சரி. ஆனால் லித்தியம் மின்கலத்துக்கான லித்தியம் கோபால்ட் ஆக்சைடு 1980-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வகத்தில் மின்முனையாகி, 1991-இல்தான் சோனி மின்கலமாகக் கடைக்கு வந்தது. இவ்வளவு மெதுவாக நகரும் வேலைக்கு, பெரிய தொகையை ஒரே தடவை கொட்டுவதைவிட, சின்னத் தொகை நிற்காமல் வருவதே உதவும் என்பது என் கருத்து.

ஆகவே, இனி ஒரு கருவிக்கு ஒப்புதல் தரும்போது, அதே ஆணையில் அதன் வாயு, உதிரிபாகம், பழுதுபார்ப்புச் செலவையும் ஆண்டுவாரியாகச் சேருங்கள். செலவாகாத பணத்தைத் திட்டம் முடியும்வரை எங்களிடமே விட்டுவையுங்கள். தலைப்பு மாற்றும் உரிமையை ஓர் அளவுக்குள் திட்டத்தை நடத்துபவரிடமே கொடுங்கள். கணக்கு கேட்டால் சிலிண்டர் ரசீது வரை காட்டத் தயார்.

இப்படிக்கு,
ஓர் இளம் பொருள் வேதியியலாளர்