டித்வாவுக்கு முன்னமே கைகொடுத்தவர்களுக்கு

அன்பான அயலவர்களுக்கும் உறவுகளுக்கும் வாடிக்கையாளர்களுக்கும்,

டித்வா புயல் கடந்து போனபிறகு எங்கள் ஸ்ரூடியோப் பக்கம் வந்த எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "படங்கள் தப்பினதோ?" தப்பிவிட்டன. கலியாணம், சாமத்தியம், பிறந்தநாள், அந்தியேட்டி எல்லாம் பத்திரம். புயலன்று ஓடிவந்தவர்களுக்கு அப்போதே கைகூப்பிவிட்டேன். ஆவணி, புரட்டாதி வெயிலில், மழையின் சிலமனே இல்லாத நேரத்தில் எங்களோடு மினக்கெட்டவர்களைத்தான் ஊர் அறியாது. இந்த மடல் முக்கியமாக அவர்களுக்கு.

கடை யாழ்ப்பாணம் நாவாந்துறையில். கடல்நீரேரி கிட்ட; கார்த்திகை மழையில் வாய்க்கால் நிரம்பினால் ஒழுங்கை வெள்ளம் படியேறும். 2008 இல் நிஷா புயலையும் 2020 இல் புரெவிப் புயலையும் கண்ட சனத்துக்கு வெள்ளம் புதினமில்லை. ஆனால் படம் தொலைவது வேறு கதை. 1995 ஒக்ரோபரில் போரால் வந்த இடப்பெயர்வில் அல்பங்களை வீட்டில் விட்டுவிட்டுப் போனவர்கள், மிஞ்சின ஒரு அடையாள அட்டைப் படத்தைக் கொண்டுவந்து "அம்மாவைக் கொஞ்சம் பெரிசாக்கித் தாங்கோ" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். அந்த முகங்களைப் பார்த்துப் பழகியவனுக்கு ஹார்ட் டிஸ்க் வெறும் சாமான் இல்லை.

முதல் நன்றி ஒழுங்கை முனையில் கணினி திருத்தும் தம்பிக்கு. மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறு ஊரில் என்ற கணக்கை அவன்தான் கடைக்குள் கொண்டுவந்தான். அதை உலகத்தில் பரப்பியவர் பீற்றர் க்ரோக் என்ற அமெரிக்கப் படப்பிடிப்பாளர் என்று சொன்னதும், எங்கள் சாதிசனம் போல எனக்கு ஒரு பெருமை. எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றினால் முடிந்ததே என்று வெளிநாட்டுச் சொந்தங்கள் சொல்லுவார்கள். விநாடிக்கு 10 மெகாபிற் ஏற்றும் இணைப்பில் ஒரு டெராபைற்றை இரவுபகலாக ஏற்றினாலும் 9 நாளுக்கு மேல் பிடிக்கும். இங்கே கறண்டும் நெற்றும் அத்தனை நாள் ஒன்றாக நிற்கவேண்டுமே. ஆகவே அல்பத்துக்குத் தெரிவான படங்களும் ஓடர்க் கணக்கும் தொலைபேசி இலக்கங்களும் இணையத்துக்கு. மூலப்படங்களும் வீடியோவும் கடவுச்சொல் போட்ட டிஸ்க்குக்கு என்று பிரித்தான்.

அதோடு விட்டானா? "எடுத்து வச்சது பெரிசில்லை அண்ணை, திறந்து பாருங்கோ" என்று ஒவ்வொரு டிஸ்க்கையும் வேறு கணினியில் மாட்டி ஓடவிட்டான். ஒன்றில், சரியாகத் தாலி கட்டுகிற இடத்தில் மாப்பிள்ளையின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. நாதஸ்வரமும் இல்லை, மேளமும் இல்லை. நல்லகாலம், மற்றப் பிரதியில் தாலி ஏறியது. அந்த டிஸ்க்கை அன்றே ஒதுக்கிவிட்டோம்.

வேறு ஊர்ப் பிரதிக்கு வவுனியா அக்கா. நல்லூர்த் தேருக்கு வந்தவ, துவாயில் சுற்றிய டிஸ்க்கை பஸ்ஸில் வழிமுழுக்க மடியிலேயே வைத்துக்கொண்டு போய், அலுமாரியில் கூறைக்குக் கீழே பூட்டினா. "என்ன, நகையோ?" என்று அத்தான் விடாமல் கேட்டாராம்.

வயரிங் அண்ணைக்கு என்ன சொல்ல? பிளக் பொயின்ற் எல்லாவற்றையும் இடுப்பளவுக்கு உயர்த்தினார். கறண்ட் நின்றால் கொஞ்ச நேரம் தாங்கும் யூ.பி.எஸ். ஒன்றை நகரத்தில் ஒரு கடை புதிது என்று தந்தது; அதற்குள் பழைய பற்றறி கிடந்ததைக் கண்டுபிடித்ததும் அவர்தான். ஒரு பல்பை மாட்டிப் பார்த்தார், கண் சிமிட்டி அணைந்தது. யூ.பி.எஸ். விடியும்வரை வேலைசெய்ய அல்ல, கணினியை முறையாக நிறுத்த என்று படித்துப் படித்துச் சொன்னவர். போன கறண்ட் திரும்பும்போது மின்னழுத்தம் ஏறி இறங்கும், வயரைக் கழற்றி வைத்துவிட்டு நிதானமாக மாட்டுங்கோ என்பதும் அவர் சொல்தான்.

கவுண்டரில் இருக்கும் தங்கச்சி சுவரில் ஒட்டிய தாள் ஒன்றுக்குத் தனி நன்றி. தண்ணீர் வந்தால் எதை முதலில் தூக்குவது என்ற வரிசை அது. நான் எழுதியிருந்தால் விலைப்படி எழுதியிருப்பேன். அவள் டிஸ்க்குகளையும் ஓடர்க் கொப்பியையும் முதலில் போட்டாள், கமரா அதற்குப் பிறகு, பெரிய பிரின்ரர் கடைசி. "அது காசிருந்தா வாங்கலாம்." ஒவ்வொரு கருவியின் தொடர் இலக்கத்தையும் படமெடுத்து, காப்புறுதியில் புயலும் வெள்ளமும் அடங்குமா என்று கேட்டு எழுதுவித்தவளும் அவள்தான்.

டித்வா 2025 நவம்பர் 28 இல் கிழக்குக் கரையில் ஏறி, நாட்டை ஊடறுத்து வடக்கே வந்தது. வானிலைத் திணைக்களத்தின் அறிவித்தலோடு, யாழ். பல்கலைக்கழகத்தின் நாகமுத்து பிரதீபராஜா தமிழில் விளங்கும்படி எழுதும் குறிப்புகளையும் பார்த்துத்தான் நேரத்தோடு சாமான் ஏற்றினோம். மேல்மாடியைத் திறந்துவிட்ட ஹார்ட்வெயார் ஐயாவுக்கும், தறப்பாளும் உரப்பையுமாக வந்த பெடியளுக்கும் நன்றி. முழங்கால் வெள்ளத்தில் சோபாவும் பின்திரைச் சீலைகளும் போயின. போகட்டும். மலையகத்தில் மண்சரிவில் உறவுகளையே பறிகொடுத்தவர்கள் முன் இது ஒரு இழப்பே இல்லை.

நெற் இல்லாத நாட்களில் கியூஆரும் இல்லை, வட்ஸ்அப்பும் இல்லை. காசுப் பெட்டியும் கொப்பியில் கையால் எழுதிய இலக்கங்களும்தான் கடையை நடத்தின. அப்போது பொறுமையாக நின்ற வாடிக்கையாளர்களுக்கும், கொட்டும் மழையில் மின்கம்பத்திலும் தொலைபேசிக் கம்பியிலும் தொங்கிய ஊழியர்களுக்கும் எங்கள் வணக்கம்.

அல்பம் எடுக்காமல் இருப்பவர்கள் வரலாம், எல்லாம் ஆயத்தம். எங்களைப்போல் சிறு கடை வைத்திருப்பவர்கள் தங்கச்சியின் தாளைப் பார்க்க விரும்பினால் அது இன்னும் சுவரில்தான் இருக்கிறது, படமெடுத்துக்கொண்டு போங்கோ. அக்கா, அந்த டிஸ்க்கை யாரிடமும் கொடுத்தனுப்பவேண்டாம். அடுத்த மாரிக்கு முன்னம் நானே புதியதோடு வந்து மாற்றுகிறேன். அத்தானுக்குச் சொல்லுங்கோ, நகை இல்லை.

நன்றியுடன்,
நாவாந்துறை ஸ்ரூடியோக்காரன்