மூன்று கதவு ஜிம்னி நமக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் மாருதி சுசூகியின் கரடுமுரடான பாதைக்கான சிறு வண்டி ஜிம்னி பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ராணுவப் பணிக்காலத்தின் பெரும்பகுதியை ஜிப்ஸியின் ஸ்டியரிங்கைப் பிடித்தே கழித்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

கட்டுரை 2023-இல், ஐந்து கதவு வண்டியோடு தொடங்குகிறது. கதை அதைவிடப் பழையது. ஜப்பானில் ஹோப் என்ற சிறு நிறுவனம் ஓஎன்360 என்று, நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை போகும் வண்டியொன்றைச் செய்தது. ஆனால் அதிகம் விற்க முடியவில்லை. 1968-இல் சுசூகி அதன் உரிமையை வாங்கி, தன் சொந்த எஞ்சினைப் பொருத்தி, 1970 ஏப்ரலில் எல்ஜே10 என்று வெளியிட்டது. அதுதான் முதல் ஜிம்னி. எஞ்சின் வெறும் 359 சிசி. அன்றைய ஜப்பானியச் சிறுகார் விதிப்படி நீளம் 3 மீட்டரைத் தாண்டக் கூடாது. அதற்காக ஸ்டெப்னியைப் பின்னால் தொங்கவிடாமல் வண்டிக்குள்ளேயே, ஓர் ஆள் உட்காரும் இடத்தில் வைத்தார்கள். மூன்று பேர்தான் அமர முடியும். அப்படி அளந்து அளந்து செய்ததில்தான் இந்த வண்டியின் குணமே உருவானது.

1985-இல் நம் நாட்டுக்கு ஜிப்ஸியாக வந்ததும் இதே குடும்பம்தான். துணிக்கூரை ஜிப்ஸியின் எடை ஒரு டன்னுக்குள் இருந்தது. சேற்றில் புதைந்தால் நாலைந்து பேர் இறங்கிப் பின்பக்கத்தைத் தூக்கி நகர்த்தி வைத்துவிடுவோம். கனமான வண்டி அதே இடத்தில் இறங்கினால், இழுக்க இன்னொரு வண்டி வரும்வரை குளிரில் காத்திருக்க வேண்டும். எடை குறைவின் அருமை அப்படி நின்றவர்களுக்குத் தெரியும்.

ஐந்து கதவு ஜிம்னியை நான் குறை சொல்லவில்லை. ஏணி வடிவ அடிச்சட்டமும், முன்னும் பின்னும் இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் முழு ஆக்ஸிலும், மெதுவாக ஏற அதிக இழுவிசை தரும் லோ கியரும் அதிலும் அப்படியே இருக்கின்றன. 2025 ஜனவரி இறுதியில் ஜப்பானில் நோமாட் என்ற பெயரில் அறிவித்தபோது நான்கே நாளில் சுமார் 50,000 பேர் பதிவு செய்தார்கள் என்றால், அதைச் செய்யும் குருகிராம் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் கைவேலைக்கு அதைவிட என்ன சான்று வேண்டும்!

ஆனால் இரண்டு கதவுகளைக் கூட்டுவதற்காக முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைப்பட்ட தூரத்தை 340 மில்லிமீட்டர் நீட்டினார்கள். அதனால் வண்டி திரும்பும் ஆரம் 4.9 மீட்டரிலிருந்து 5.7 மீட்டர் ஆகிவிட்டது. மேட்டைக் கடக்கும்போது அடிவயிறு தட்டாமல் தப்பிக்கும் கோணமும் 28 டிகிரியிலிருந்து 24 ஆகக் குறைந்தது. தார்ச்சாலையில் இது பெரிதாகத் தெரியாது. நான் இப்போது வசிக்கும் குன்னூரில் தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிச் சாலையின் கொண்டை ஊசி வளைவில், ஒரே மூச்சில் திரும்புவதற்கும் பின்னெடுத்துத் திரும்புவதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

மூன்று கதவு வண்டி நமக்கு அயலானதும் அல்ல. 2021 ஜனவரியில் குருகிராமிலிருந்தே அதன் ஏற்றுமதி தொடங்கியது. நம் கையால் செய்து, கப்பலேற்றி, இங்கே மட்டும் விற்காமல் விடுவது எனக்கு ஆறவில்லை. கட்டுரையாளர், மாருதி நிறுவனத்தாரை அடுத்த முறை சந்திக்கும்போது, வனக்காவலர்களுக்கும் மலைக்கிராமத்தாருக்குமாவது, அலங்காரம் இல்லாத மூன்று கதவு ஜிம்னியை எப்போது தருவார்கள் என்று என் சார்பில் கேட்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ராணுவ ஓட்டுநர்,
குன்னூர்.