கனவுக்குமா கட்டணம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

பல் விழுவதாகக் கனவு கண்டால் வீட்டில் மவுத்து (மரணம்) நிச்சயம் என்று யூடியூபில் ஒருவர் அடித்துச் சொல்ல, எங்கள் தெருப் பெரியம்மா சோறு இறங்காமல் கிடக்கிறார். பரிகாரத் தாயத்து தனிக் கட்டணமாம்!

கெட்ட கனவு ஷைத்தானிடமிருந்து வருவது. நபிகள் நாயகம் (ஸல்) அதற்குக் காட்டிய வழி எளிது: இடப்பக்கம் மூன்று முறை இலேசாகத் துப்பி, அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடி, புரண்டு படுக்க வேண்டும். யாரிடமும் சொல்லக் கூடாது. அது தீங்கு செய்யாது. இதில் காசுக்கு எங்கே இடம்?

நல்ல கனவோ நபித்துவத்தின் (இறைத்தூதர் தன்மையின்) 46 பங்குகளில் ஒன்று. அதையும் நம்மை நேசிப்பவரிடம் மட்டுமே சொல்லலாம். 11 நட்சத்திரங்களும் சூரியனும் சந்திரனும் தமக்குப் பணியக் கண்ட யூசுப் நபியிடம், சகோதரர்களிடம் சொல்லிவிடாதே என்றுதான் தந்தை யஃகூப் நபி எச்சரித்தார். நம்மவர்கள் முன்பின் அறியாதவரிடம் வாட்ஸ்அப்பில் கொட்டுகிறார்கள், பணமும் கட்டி. (மருமகளைப் பற்றிய கனவென்றால் கேட்கவே வேண்டாம்.)

ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) ஒரு ஜும்ஆ பயானிலாவது (வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவிலாவது) இதைப் பேச வேண்டும். பெண்கள் வீட்டிலிருந்தே கேட்கும்படி ஒலிபெருக்கியையும் திருப்பி வைத்தால் நல்லது.

ஒரு வாசகி,
மேலப்பாளையம்