செத்தவர்கள் நடக்கும் கதைகள்: அண்ணனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

தை மாதம் ஊருக்கு வந்துவிட்டுக் கிளம்பும்போது உங்கள் கிண்டிலை என் கையில் கொடுத்து, "படிச்சிட்டு உண்மையைச் சொல்லு, எனக்காகப் பூசி மெழுகாத" என்றீர்கள். பூசி மெழுகாமல்தான் எழுதுகிறேன். பொதுவில் எழுதச் சொன்னதும் நீங்கள்தான். சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்களுக்கு விளம்பரம் செய்ய ஆள் கிடையாது, வாசித்தவர்கள் நாலு வார்த்தை சொன்னால்தான் உண்டு என்றீர்கள். அது எனக்கும் நியாயமாகப் பட்டது.

கிண்டிலில் அறுபத்து மூன்று புத்தகங்கள் இருந்தன, பெரும்பாலும் எழுதியவர்களே சொந்தமாகப் போட்டவை. ஐம்பதுக்கு மேல் ஜாம்பி கதைகள், அதாவது செத்தவர்கள் எழுந்து நடக்கும் கதைகள். பத்தொன்பதை முழுசாகப் படித்தேன். பதினொன்றைப் பாதியில் நிறுத்தினேன். மீதியைத் தொடவில்லை. உங்களைப் போல இதில் ஊறியவள் இல்லை நான். பிள்ளை தூங்கிய பிறகு அரை மணி நேரம் படிக்கிறவள். பேய்க்கதை என்றால் ஆச்சி சொன்ன பனங்காட்டுக் கதைகள்தான் எனக்குத் தெரியும். அந்தக் கண்ணோடு படித்தவளின் அபிப்பிராயம் இது.

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி. ஒரு நாவலில் கதாநாயகனின் மனைவி செத்துப்போய், எழுந்து, சமையலறை வாசலில் வந்து நிற்கிறாள். அவளை அவன் சுடுகிற இடம் நாலு வரி. சுட்ட துப்பாக்கியின் விவரம் ஒன்றரைப் பக்கம். நான் புத்தகத்தை மூடிவிட்டு அடுப்படியில் போய்த் தண்ணீர் குடித்தேன். பதினைந்து வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு நாலு வரிதானா?

அமெரிக்காவில் துப்பாக்கி வீட்டுச் சாமான், அது எனக்கும் புரிகிறது. சில இடங்களில் அது உறுத்தவும் இல்லை. ஜே. எல். போர்ன் கடற்படை அதிகாரியாக இருந்துகொண்டே எழுதிய நாட்குறிப்பு நாவல் உங்களிடம் இருந்தது. டெக்சஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோவில் தனியாக மாட்டிக்கொண்ட ஒரு கடற்படை விமானி, நாள் தவறாமல் எழுதுகிறான். அவன் தோட்டாவை எண்ணுவது, பெரியம்மா ஜெபமாலை உருட்டாத குறையாக ஸ்ரீராமஜெயம் எழுதுவாளே, அந்த மாதிரி. பயத்தை அடக்க ஒரு கைவேலை. மற்ற பலரிடம் அது வெறும் கடைப் பட்டியலாகிவிடுகிறது.

அடுத்தது நீளம். ஏன் எல்லாமே ஏழு பாகம், ஒன்பது பாகம்? அதற்குக் காரணம் இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். 2014 ஜூலையில் அமேசான் மாதச் சந்தாவில் படிக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, வாசகர் புத்தகத்தில் பத்து சதவீதத்தைத் தாண்டினால் எழுத்தாளருக்கு ஒரு தொகை. நூறு பக்கம் எழுதியவருக்கும் அறுநூறு பக்கம் எழுதியவருக்கும் அதே தொகைதான். அப்போது துண்டு துண்டாக வெட்டிப் போடுவது லாபம். 2015 ஜூலையில் அதை மாற்றி, படிக்கப்பட்ட ஒவ்வொரு பக்கத்துக்கும் இவ்வளவு என்றார்கள். ஒரு பக்கத்துக்குச் சுமார் அரை சென்ட்தான் தேறும். அதனால் நீட்டி எழுதுவது லாபமானது. கிடங்கில் டின்களை எண்ணுகிற அத்தியாயங்கள், ஒரே சண்டை மூன்று முறை வருவது, இதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிகிறது. எழுதுகிறவர்களைத் திட்ட மனசு வரவில்லை. வாசகியாக என் அரை மணி நேரமும் எனக்குப் பெரிசு, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிழைகள் பற்றி அதிகம் பேச வேண்டாம். எழுத்துப்பிழையை நான் மன்னித்துவிடுவேன். நாலாம் அத்தியாயத்தில் இறந்து, எரிக்கவும் பட்ட டாக்டர் பத்தொன்பதாம் அத்தியாயத்தில் பேசினால், அந்த நொடியில் அந்த உலகத்திலிருந்து வெளியே வந்துவிடுகிறேன். அப்புறம் பெட்ரோல். உலகம் அழிந்து மூன்றாம் வருஷமும், கைவிடப்பட்ட கார்களிலிருந்து உறிஞ்சி எடுத்த பெட்ரோலில் வண்டி ஓடுகிறது. பெட்ரோல் சில மாதங்களிலேயே கெட ஆரம்பித்துவிடும். நம் தெருவில் லாக்டவுன் முழுக்க நின்ற ஸ்கூட்டரை எடுத்த எவரைக் கேட்டாலும் சொல்வார்களே.

இனி பிடித்ததைச் சொல்கிறேன்.

டேவிட் வெலிங்டன் 2004இல் இணையத்தில் தொடராக எழுதிய நியூயார்க் கதையை இரண்டு ராத்திரியில் முடித்தேன். சோமாலியாவிலிருந்து துப்பாக்கி ஏந்திய சிறுமிகள் எய்ட்ஸ் மருந்து தேடி நியூயார்க் வருகிறார்கள். வழக்கமாக அங்கிருந்து இங்கே காப்பாற்ற வருவார்கள், இதில் திசை திரும்பிவிட்டது. தொடராக எழுதியது ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசி வரியிலும் தெரிகிறது. வாரப் பத்திரிகைத் தொடர்களைக் கிழித்து, தைத்து, அட்டை போட்டு வைத்த வீட்டில் வளர்ந்தவர்கள் நாம். 'தொடரும்' என்ற சொல்லுக்கு என் கை இன்னும் அடுத்த பக்கத்தைத் தேடும்.

நீங்கள் சொன்னீர்கள் என்று 1968இல் வந்த ஜார்ஜ் ரொமெரோவின் கறுப்பு வெள்ளைப் படத்தையும் பார்த்தேன். பிட்ஸ்பர்க்கில் விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள், தங்களுக்குள் பணம் போட்டு, சுமார் 1,14,000 டாலரில், பென்சில்வேனியா கிராமப்புறத்தில் ஒரு பண்ணை வீட்டை வைத்தே எடுத்து முடித்த படம். ரத்தத்துக்கு சாக்லேட் சிரப். விநியோகஸ்தர்கள் படத்தின் பெயரை மாற்றியபோது, பழைய தலைப்போடு இருந்த காப்புரிமை அறிவிப்பு விடுபட்டுப்போனது. அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் அந்த அறிவிப்பு இல்லையென்றால் உரிமையும் போச்சு. எடுத்தவர்களுக்குச் சேர வேண்டிய பணம் எத்தனையோ பேர் கைக்குப் போனது, அது பெரிய அநியாயம். ஆனால் அந்தப் பிழையால்தான் நடக்கும் பிணம் யாருக்கும் சொந்தமில்லாமல் எல்லோருக்கும் சொந்தமானது. கையில் காசில்லாதவனும் ஒரு வீடு, நாலு பேர், வெளியே கூட்டம் என்று கதை தொடங்கலாம். உங்கள் ஜாம்பி கதைகள் எல்லாமே அந்த வீட்டிலிருந்து கிளம்பியவைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதைவிட, அந்தப் படம் எப்படித் தொடங்குகிறது என்பதை நீங்கள் என்னிடம் சொல்லவே இல்லை. ஓர் அண்ணனும் தங்கையும் அப்பாவின் கல்லறையில் மலர்வளையம் வைக்க நெடுந்தூரம் கார் ஓட்டி வருகிறார்கள். அண்ணன் சலித்துக்கொள்கிறான். அப்பா முகம்கூட நினைவில்லை என்கிறான். கடைசியில் கதவை உடைத்துக்கொண்டு வருகிற கூட்டத்தில் அந்த அண்ணனும் நிற்கிறான். தங்கை அவனைப் பார்த்துவிடுகிறாள். அவள் உறைந்து நிற்கிற அந்த ஒரு கணத்துக்காக, இந்த வகைக் கதைகள் மேல் இத்தனை நாள் வைத்திருந்த அருவருப்பை நான் விட்டுவிட்டேன்.

இதுதான் நான் கண்டுகொண்டது, அண்ணா. கூட்டமாக வருகிற பிணம் எனக்குப் பயம் தரவில்லை. ஆயிரம் வந்தாலும் சரி. தெரிந்த முகம் ஒன்று வந்தால் போதும். செத்தவர் ஒருவருக்கு அப்பாவாக, ஒருவனுக்குப் பெண்டாட்டியாக இருந்தவர் என்பதை மறக்காத புத்தகங்கள் எல்லாம் எனக்குப் பிடித்தன. மறந்த புத்தகங்களில்தான் அந்த ஒன்றரைப் பக்கத் துப்பாக்கி வருகிறது.

ஜாம்பி என்ற சொல்லுக்கு ஊர் ஹெய்ட்டி. பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் செத்துச் செத்து விழுந்த மண். செத்தால் ஆவியாவது பிறந்த தேசம் போய்ச் சேரும் என்று நம்பியிருந்தவர்களுக்கு இருந்த பெரிய பயம், செத்த பிறகும் எழுப்பி வேலை வாங்கிவிடுவார்கள் என்பது. அங்கே கடிபடுவதற்கு யாரும் பயப்படவில்லை. ஜாம்பியாக ஆக்கப்படுவதற்குத்தான் பயம். எழுந்து நடப்பவன்மேல் இரக்கம் இருந்த கதை அது. அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தபோது இரக்கம் உதிர்ந்து, சுடுவதற்கு ஓர் உருவம் மட்டும் மிஞ்சியது.

டேவிட் மூடியின் புத்தகத்துக்கு வருகிறேன். இங்கிலாந்துக்காரர். 2001இல் தன் நாவலை இணையத்தில் இலவசமாகவே கொடுத்தவர். இலையுதிர்காலம் என்று பொருள் வருகிற தலைப்பு. அதில் ஜாம்பி என்ற சொல்லே வராது. யாரும் யாரையும் தின்பதில்லை. ஊரே சில மணி நேரத்தில் செத்து விழுகிறது. சில நாள் கழித்து, விழுந்தவர்களில் பலர் எழுந்து சும்மா நடக்கிறார்கள், கண் தெரியாமல், காது கேளாமல். பிறகு மெல்ல மெல்ல ஒவ்வொரு புலனாகத் திரும்புகிறது. தப்பிய சிலர் ஒரு சமூகக்கூடத்தில் கூடி, மூலைக்கு ஒருவராக உட்கார்ந்து, பேசாமல், எழுந்திருக்காமல் கிடக்கிறார்கள். முதல் நூறு பக்கத்தில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்று நிறையப் பேருக்கு அலுத்திருக்கும். எனக்கு அந்தக் கூடம்தான் கதையே. நடக்கிறவர்கள் வெளியே, கிடக்கிறவர்கள் உள்ளே. யார் பிணம் என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை.

நம்மிடம் நடைப்பிணம் என்று ஒரு சொல் இருக்கிறதே, அதை நாம் செத்தவரைச் சொல்வதில்லை. 2021 ஜூனில் தெருவில் எல்லோரும் பெரியம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார்கள், "நடைப்பிணமா ஆயிட்டா" என்று. விடிகாலையில் எழுந்து இரண்டு டம்ளர் காப்பி போட்டு, ஒன்றை ஆற விட்டு, சாயங்காலம் கொட்டுவாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். மூடியின் சமூகக்கூடத்தைப் படித்தபோது நான் பார்த்தது நம் வீட்டு முற்றத்தை.

உங்கள் அப்பா, என் பெரியப்பா, கொரோனாவில் போன அந்த மே மாதத்தைப் பற்றி நாம் பேசினதே இல்லை. மெல்போர்னிலிருந்து கிளம்பவே தனி அனுமதி வேண்டும். கிளம்பி இங்கே வந்துவிட்டால், இந்தியாவிலிருந்து திரும்புகிற தன் சொந்தக் குடிமக்களையே உள்ளே விட மாட்டோம் என்று அந்த வாரங்களில்தான் ஆஸ்திரேலியா சொல்லியிருந்தது. நீங்கள் வர முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் சிலர் பேசினார்கள். கொள்ளி வைத்தது என் தம்பி. வாய்க்கரிசி இல்லை, நீர்மாலை இல்லை. வெள்ளை பிளாஸ்டிக்கில் சுற்றி வந்தது. மின்மயானத்தில் நாலு பேரை மட்டும் விட்டார்கள். நீங்கள் போனில் பார்த்தீர்கள். நடுவில் சிக்னல் போய்விட்டது.

அந்த வருஷம் முழுக்க நீங்கள் ஜாம்பி கதையாகப் படித்துத் தள்ளியதாக அண்ணி சொன்னபோது எனக்கு ஆத்திரம் வந்தது. அப்பா செத்த வீட்டில் பிணம் நடக்கிற கதையா படிப்பார்கள் என்று அம்மாவிடம் கத்தினேன். இப்போது உங்கள் கிண்டிலில் நீங்கள் கோடு போட்டு வைத்திருந்த இடங்களைப் பார்த்தேன். ஒன்றிலும் சண்டை இல்லை. எல்லாமே யாராவது யாரையாவது அடையாளம் கண்டுகொள்கிற இடங்கள். என்னை மன்னியுங்கள்.

உங்களிடம் இல்லாத ஒரு புத்தகத்தை நானே வாங்கி அதில் சேர்த்திருக்கிறேன். சொந்தமாகப் போட்ட புத்தகம் இல்லை, அதனால் உங்கள் கணக்கில் வராது. சுவீடன்காரர் யோன் அய்விதே லிண்ட்க்விஸ்ட் 2005இல் எழுதியது. ஸ்டாக்ஹோமில் அண்மையில் செத்தவர்கள் மட்டும் எழுந்துவிடுகிறார்கள். வேட்டையாட வரவில்லை. வீடு திரும்பப் பார்க்கிறார்கள். ஒரு தாத்தா பேரனின் குழியைத் தன் கையாலேயே தோண்டி எடுத்து வீட்டுக்குக் கொண்டுவருகிறார். வந்தது அவனா, அவன் உடம்பு மட்டுமா என்று அவர் கேட்டுக்கொள்வதில்லை. தண்ணீர் கொடுத்துப் பார்க்கிறார். அந்த இடத்தில் நான் நிறுத்தி, இரண்டு நாள் கழித்துத்தான் தொடர்ந்தேன். மெதுவாகப் படியுங்கள். ராத்திரி தனியாக இருக்கும்போது வேண்டாம்.

தை மாதம் வாசற்படியில் நின்று என்னிடம் கேட்டீர்கள், "முகத்தப் பாத்தியா?" என்று. நான் பிள்ளையைக் கூப்பிடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். பிளாஸ்டிக்குக்குள் முகத்தை நாங்கள் யாரும் பார்க்கவில்லை, அண்ணா. திறக்க விடவில்லை. ஆனால் ஆம்புலன்ஸில் ஏறும்போது பார்த்தேன். ஸ்ட்ரெச்சர் வேண்டாம் என்று நடந்துதான் போனார். படியில் நின்று மூச்சு வாங்கினார். சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டார். மாஸ்க்குக்கு மேலே கண் எப்போதும் போலத்தான் இருந்தது. என்னைப் பார்த்து, "மோட்டார் ஓடுது பாரு, டேங்க் ரொம்பிரும், நிறுத்து" என்றார். நான் ஓடிப்போய் நிறுத்திவிட்டு வருவதற்குள் வண்டி தெருமுனை திரும்பிவிட்டது.

கிண்டிலுக்கு சார்ஜ் போட்டு, பெரியப்பா பீரோவில், மேல் தட்டில் வைத்திருக்கிறேன். திவசத்துக்கு வரும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கை