முன்னாள் தலைவருங்களுக்கு ஆகுற செலவ ஒரே பக்கத்துல போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

இலங்கையில 2025 செப்டம்பர்ல சட்டம் போட்டு முன்னாள் ஜனாதிபதிங்களுக்கு குடுத்துட்டு இருந்த பங்களா, செக்ரட்டரி அலவன்ஸ், வண்டி எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க, மஹிந்த ராஜபக்ச கொழும்பு பங்களாவ காலி பண்ணிட்டு தங்காலைக்கு கெளம்பினத டிவில எல்லாரும் பாத்தோம். அன்னிலேர்ந்து எங்க ஏரியா டீக்கடைல "இங்க எப்போபா"ன்னுதான் பேச்சு. வேலூர்க்காரனுக்கு இந்த விஷயத்துல வாய் தொறக்க தனி உரிமையே இருக்கு சார், ஏன்னா கண்டியோட கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன 1816-ல கொண்டாந்து நம்ம கோட்டைலதான் வெச்சாங்க, 1832-ல கண்ண மூடற வரைக்கும் இங்கதான் இருந்தாரு, பாலாத்தங்கரைல முத்து மண்டபத்துலதான் சமாதி. அதுக்கு முன்னாடி திப்பு சுல்தானோட குடும்பம் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் குடுத்த பென்ஷன்ல அதே கோட்டைல இருந்துச்சு. இன்னொன்னு, 1971-ல இந்திரா காந்தி மன்னர் மானியத்த ஒழிச்சாங்க இல்ல, அதுல மாட்டாம இன்னிக்கு வரைக்கும் ஓடிட்டு இருக்கறது நம்ம ஆற்காடு பேர்ல இருக்கற இளவரசர் பென்ஷன். அது சமஸ்தான கணக்குல வராதாம், வெள்ளைக்காரன் நவாப் வாரிசுக்கு குடுத்த வாக்கு. அந்த இளவரசர் குடும்பம் இருக்கற அமீர் மகால் சென்னை ராயப்பேட்டைல இருக்கு, ஆற்காட்டுல பாதி பேருக்கு இப்படி ஒன்னு இருக்கறதே தெரியாது.

சரி, டெல்லிக்கு வருவோம். முன்னாள் ஜனாதிபதிக்கு மாசம் இரண்டரை லட்சம் பென்ஷன், அதாவது பதவில இருக்கறவரு வாங்கற 5 லட்சத்துல பாதி. 1951-ல இதுக்குன்னு சட்டம் போட்டப்போ வருஷத்துக்கே 15,000 ரூபாதான். ஆனா எனக்கு இந்த இரண்டரை லட்சத்து மேல கோவமே இல்ல, நாட்டுக்கு முதல் ஆளா இருந்துட்டு வந்தவரு வயசான காலத்துல யார் கையையும் எதிர்பாக்கக் கூடாது, அது சரிதான். பேப்பர்ல, வாட்ஸப்புல எல்லாம் இந்த பென்ஷன் தொகைய மட்டும் போட்டு சண்டை போடறாங்க, அங்கதான் தப்பு நடக்குது, ஏன்னா பென்ஷன் ரொம்ப சின்ன செலவு. ஆயுசுக்கும் வாடகை இல்லாத வீடு, அதுக்கு கரண்ட், தண்ணி, ரிப்பேர், ஒரு பிரைவேட் செக்ரட்டரி, அடிஷனல் பிரைவேட் செக்ரட்டரி ஒருத்தர், பிஏ, ரெண்டு பியூன், விமானம் ரயில் டிக்கெட், வைத்தியம், காவல். முன்னாள் பிரதமருக்கும் டெல்லில ஆயுசுக்கும் வீடு உண்டு. டெல்லி நடுவுல வெள்ளைக்காரன் காலத்துல கட்டின அந்த லுட்டியன்ஸ் பங்களா ஒன்னு வெளில வாடகைக்கு விட்டா என்ன வரும்னு எந்த பட்ஜெட் பேப்பர்லயும் இருக்காது. உத்தரப் பிரதேசத்துல முன்னாள் முதல்வருங்களுக்கு பங்களா குடுத்த சட்டத்த 2018-ல சுப்ரீம் கோர்ட்டு செல்லாதுன்னு சொன்ன ஒடனே முலாயம், மாயாவதி, அகிலேஷ் எல்லாரும் காலி பண்ணாங்க, டெல்லி பக்கம் மட்டும் அந்த காத்து வீசல.

செக்யூரிட்டி வேற விஷயம், அதுல கை வெக்கக் கூடாதுன்னுதான் நான் சொல்லுவேன். வேலூர்லேர்ந்து சென்னை போற பஸ்ல ஸ்ரீபெரும்புதூர தாண்டாம போக முடியாது. 1989-ல பதவி போனதும் ராஜீவ் காந்திக்கு பிரதமருக்குன்னே இருக்கற எஸ்பிஜி படை காவல எடுத்துட்டாங்க, 1991 மே 21 ராத்திரி அந்த ஊர்ல என்னாச்சுன்னு நம்ம மாவட்டத்துக்கு யாரும் சொல்லத் தேவையில்ல. அதுக்கப்புறம்தான் சட்டத்த மாத்தி முன்னாள் பிரதமருங்களையும் சேத்தாங்க, பல தடவ மாத்தி 2019-ல பதவி விட்டு அஞ்சு வருஷம்னு முடிச்சாங்க. உயிருக்கு ஆபத்து இருக்கறவருக்கு எவ்ளோ செலவானாலும் ஆகட்டும். எத்தன போலீஸ், எந்த கேட்டுல நிக்கறாங்கன்னு கேக்கல, மொத்தம் எத்தன கோடின்னு ஒரே ஒரு நம்பர் போடுங்கன்னுதான் கேக்கறேன்.

இவ்ளோ ஏன் கேக்கறேன்னா, எங்க பக்கத்து வீட்டு அம்மா ஷூ கம்பெனில அப்பர், அதாவது ஷூவோட மேல் பாகம், ஒட்டற வேலைல இருந்து ரிட்டையர் ஆனவங்க. வாணியம்பாடிலேர்ந்து ராணிப்பேட்டை வரைக்கும் இந்த மாதிரி அம்மாங்க வீட்டுக்கு வீடு இருக்காங்க. பிஎப் பென்ஷன் மினிமம் 1,000 ரூபா, 2014-ல வெச்சது, சம்பளம் எவ்ளோ இருந்தாலும் 15,000-க்கு மேல உள்ளத சாதாரணமா கணக்குல எடுக்க மாட்டாங்க, 30 வருஷத்துக்கு மேல ஒழைச்சாலும் ஃபார்முலா படி ஏழாயிரத்து சொச்சம்தான், பத்து வருஷம் முடியலன்னா மாச பென்ஷனே கெடையாது. எம்பிக்கு ஒரு டெர்ம் இருந்தாலே மாசம் 31,000, அதுக்கு மேல ஒவ்வொரு வருஷத்துக்கும் இன்னும் 2,500. அந்த அம்மா பென்ஷனுக்காக உயிரோட இருக்கேன்னு காட்டற லைஃப் சர்ட்டிபிகேட் எடுக்க போறப்போ நானும் கூட போனேன், ஷூ ஒட்டற சொல்யூஷன் தடவி தடவி வெரல் ரேகை தேஞ்சு போயிருக்கு, மெஷின்ல கட்டை வெரல வெச்சா செவப்பு லைட், தொடச்சிட்டு வெச்சாலும் செவப்பு லைட், ஆள்காட்டி வெரல், நடு வெரல்னு மாத்தி மாத்தி வெச்சு கடைசில எடது கை மோதிர வெரல்ல பச்ச எரிஞ்சுது. ஆயிரத்து சொச்சம் ரூபாய்க்கு இவ்ளோ சரியா ஆள செக் பண்ற கவர்மெண்ட்டுக்கு, ஒரு முன்னாள் தலைவருக்கு வருஷத்துல என்ன ஆகுதுன்னு கூட்டி போட தெரியாதா?

வெளிநாட்டுல போடறாங்க சார். அமெரிக்காவுல 1958-லேர்ந்து இதுக்கு தனி சட்டம் இருக்கு, எந்த முன்னாள் ஜனாதிபதிக்கு ஆபீஸ் வாடகை எவ்ளோ, பென்ஷன் எவ்ளோன்னு பேர் போட்டு பட்ஜெட்ல கேக்கறாங்க. பிரிட்டன்ல முன்னாள் பிரதமர் பொது வேலைக்கு வருஷம் 1,15,000 பவுண்டு வரைக்கும் கிளைம் பண்ணலாம், யாரு எவ்ளோ வாங்கினாங்கன்னு வெளியிடறாங்க. 49 நாள்தான் பிரதமரா இருந்த லிஸ் டிரஸ்ஸுக்கும் அந்த உரிமை உண்டான்னு அந்த ஊரே கேள்வி கேட்டுச்சே, உச்சவரம்பு என்னான்னு வெளிய தெரிஞ்சதாலதான கேக்க முடிஞ்சுது. இங்க வீட்டுக்கு ஒரு மினிஸ்ட்ரி, காவலுக்கு வேற மினிஸ்ட்ரி, ஒவ்வொன்னுக்கும் தனித்தனியா ஆர்டிஐ போட்டு 30 நாள் காத்திருக்கணும், எஸ்பிஜி, சிஆர்பிஎப் ரெண்டும் ஆர்டிஐ சட்டத்துலேர்ந்தே விலக்கு.

வேலூர், அரக்கோணம் எம்பிங்க ரெண்டு பேரும் கட்சி பாக்காம இத பார்லிமெண்ட்ல கேக்கணும். முன்னாள் ஜனாதிபதி, துணை ஜனாதிபதி, பிரதமர், ஆளுக்கு ஒரு வரி: பென்ஷன், வீடு, ஆபீஸ் ஸ்டாஃப், பயணம், காவல் மொத்தம். ஸ்டார் போடாத கேள்வியா போட்டாக்கூட எழுத்துல பதில் குடுத்தே ஆகணும், வந்த பதில நீங்க மொதல் பக்கத்துல போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்