நிழல் கப்பல்களின் பெயரோடு அடையாள எண்ணையும் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பொருளாதாரத் தடைகளை மீறிக் கச்சா எண்ணெய் ஏற்றிச் செல்லும் டேங்கர்களைத் தமிழ்ச் செய்திகளில் 'நிழல் கடற்படை' என்று எழுதுகிறோம். கடற்படை என்றதும் வாசகருக்குப் பீரங்கியும் சீருடையும்தான் நினைவுக்கு வரும். இவை வணிகக் கப்பல்கள். ஓட்டுபவர்கள் சம்பளத்துக்கு வந்த மாலுமிகள். 'நிழல் கப்பல்கள்' என்றாலே போதும். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. செய்தியில் கப்பலின் பெயரும், அது பதிவான நாட்டைக் காட்டும் கொடியும் மட்டுமே இருக்கின்றன. இந்தத் தொழிலில் மிகச் சுலபமாக மாறுபவை அவை இரண்டும்தான்.

2019 ஜூலை 4 அன்று ஜிப்ரால்டரில் ஈரான் எண்ணெயோடு பிடிபட்ட கப்பலின் பெயர் கிரேஸ் 1. ஆகஸ்டில் விடுவித்தபோது பழைய பெயரை பெயின்ட் அடித்து மறைத்து, அட்ரியன் தர்யா 1 என்று எழுதி, ஈரான் கொடியை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. 2025 டிசம்பரில் வெனிசுவேலா அருகே அமெரிக்கா பிடித்த ஸ்கிப்பர், அடிசா என்ற பெயரில் இருந்தபோதே 2022இல் தடைப் பட்டியலில் ஏறிய கப்பல். பிடிபட்டபோது அதில் கயானா கொடி இருந்தது. தன் பதிவேட்டில் அப்படியொரு கப்பலே இல்லை என்றது கயானா.

மாறாதது ஐ.எம்.ஓ. (பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு) எண். ஏழு இலக்கம். கப்பல் கட்டும்போது கிடைக்கும். உடைக்கும் நாள்வரை கூடவே வரும். வெளிப்புறத்தில் குறைந்தது 20 செ.மீ. உயரத்திலும், டேங்கர் என்றால் உள்ளே பம்ப் அறை போன்ற இடத்தில் குறைந்தது 10 செ.மீ. உயரத்திலும் அது இருக்க வேண்டும். வெறும் பெயின்டாக இருந்தால் போதாது. சுலபமாக அழிக்க முடியாதபடி புடைப்பாகவோ வெட்டியோ உளி அடித்தோ பதிக்க வேண்டும். பெயர் எழுத்துகளைக்கூடப் பல கப்பல்களில் வெல்டிங் கோட்டால் வரைந்திருப்பார்கள். சாய்ந்த வெயிலில் பார்த்தால் புதுப் பெயின்டுக்குக் கீழே பழைய பெயரின் வரம்பு தெரியும்.

எண்ணைச் சரிபார்ப்பதும் எளிது. முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம்தான் ஏழாவது இலக்கம். கிரேஸ் 1 கப்பலின் எண் 9116412. 63, 6, 5, 24, 12, 2, கூட்டினால் 112, கடைசியில் 2. தட்டச்சுப் பிழையை இது காட்டிக்கொடுக்கும், திருட்டைக் காட்டாது. 1234567 கூட இந்தக் கணக்கில் தேறிவிடும். உடைத்து இரும்பாக விற்றுவிட்ட கப்பலின் எண்ணை ஒலிபரப்பிக்கொண்டு போகும் டேங்கர்களும் உண்டு. ஆகவே ஈக்வாசிஸ் என்ற இலவசத் தரவுத்தளத்தில் எண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டும். கட்டிய ஆண்டு, கொடி, உரிமையாளர், துறைமுகச் சோதனைகளில் கண்ட குறைகள் எல்லாம் அங்கே கிடைக்கும். உடைக்கப்பட்ட கப்பல் என்றால் அதுவும் தெரியும்.

இருப்பிடத்தை அறிவிக்கும் ஏஐஎஸ் கருவியை அணைத்தாலே குற்றம் என்று எழுதுவதும் சரியல்ல. கடற்கொள்ளை ஆபத்து உள்ள இடத்தில் அணைக்க கேப்டனுக்கு அனுமதி உண்டு. கவனிக்க வேண்டியது மிதவை ஆழத்தை, அதாவது கப்பல் நீருக்குள் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்பதை. அது தானாகப் பதிவாவதில்லை, மாலுமிதான் கையால் உள்ளிடுகிறார். 20 லட்சம் பீப்பாய் பிடிக்கும் பெரிய டேங்கர் நிறைசுமையில் சுமார் 20 மீட்டர் அமிழும். காலியாக இருந்தால் ஏறத்தாழ அதில் பாதி. நடுக்கடலில் சில நாள் காணாமல் போன கப்பல் துறைமுகம் எதையும் தொடாமல் ஆழம் மாறித் திரும்பினால், சரக்கு கைமாறியிருக்க வாய்ப்பு அதிகம்.

கைமாற்றம் என்பது இரண்டு கப்பல்களைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டி, நடுவே ராட்சத ரப்பர் காற்றுத் தடுப்பான்களைத் தொங்கவிட்டு, ரப்பர் ஹோஸ் வழியாக எண்ணெயை இறைப்பது. ஒன்று எழும்ப எழும்ப மற்றொன்று அமிழும். கட்டுக்கயிறுகளை விடாமல் தளர்த்தியும் இழுத்தும் கொடுக்க வேண்டும். பெரிய டேங்கருக்கு ஒரு நாளுக்கு மேல் பிடிக்கும். முறையாகச் செய்தால் பாதுகாப்பான வேலைதான். கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் மார்போல் உடன்படிக்கை விதிப்படி கரைநாட்டுக்கு 48 மணி நேரம் முன்பே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல், இருட்டில், தேய்ந்த ஹோஸோடு செய்யும்போதுதான் கடலில் கொட்டுகிறது.

கொட்டினால் யார் பணம் கொடுப்பது? செய்திகளில் வராத கேள்வி இது. எங்கள் கவலையும் இதுதான். 2,000 டன்னுக்கு மேல் எண்ணெய் ஏற்றும் கப்பலுக்கு 1992ஆம் ஆண்டு பொறுப்பு உடன்படிக்கைப்படி காப்பீடு கட்டாயம். 60,000 மொத்த டன்னேஜ் (கப்பலின் உட்கொள்ளளவைக் குறிக்கும் எண்) உள்ள டேங்கருக்கு அந்தக் காப்பீட்டுத் தொகையைக் கணக்கிட்டால் முதல் 5,000க்கு 45.1 லட்சம் எஸ்.டி.ஆர்., மீதி 55,000க்குத் தலா 631, ஆக 3.92 கோடி எஸ்.டி.ஆர். (எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு.) உலகக் கப்பல்களின் மொத்த டன்னேஜில் சுமார் 90 விழுக்காட்டுக்கு இந்தப் பொறுப்பை ஏற்பவை, கப்பல் உரிமையாளர்களே சேர்ந்து நடத்தும் 12 பரஸ்பரக் காப்பீட்டுக் கழகங்கள். ரஷ்யக் கச்சா எண்ணெய்க்கு 2022 டிசம்பர் 5 முதல் பீப்பாய்க்கு 60 டாலர் உச்சவரம்பு வைத்தபோது, அதற்கு மேல் விற்ற சரக்கை ஏற்றும் கப்பலுக்கு இக்கழகங்கள் காப்பீடு தரக் கூடாது என்றானது. ஏற்றுமதி நின்றுவிடவில்லை. நல்ல காப்பீடுதான் போனது. அந்த இடத்தில் பெயர் தெரியாத நிறுவனங்களின் தாள்கள் வந்தன. காப்பீடு உண்டு என்று காப்பீட்டாளர் தரும் அத்தாட்சியான 'புளூ கார்டை' நம்பித்தான் கொடிநாடு சான்றிதழ் வழங்குகிறது. கார்டு போலி என்றால் சான்றிதழும் போலி. விபத்துக்கு மறுநாள்தான் அது தெரியவரும். பாதிக்கப்படுவது தடை விதித்தவரோ மீறியவரோ அல்ல, கரையோர மீனவர்.

வயதும் சேர்ந்துகொள்கிறது. உடைக்க அனுப்ப வேண்டிய 20 ஆண்டுக் கப்பல்களை நல்ல விலைக்கு விற்றார்கள். பழைய டேங்கரில் முதலில் கெடுவனவற்றுள் ஒன்று மந்தவாயு அமைப்பு. பாய்லர் புகையைக் கழுவித் தொட்டிக்குள் செலுத்தி ஆக்சிஜனை 8 விழுக்காட்டுக்கு மேல் போகாமல் வைத்திருக்கும் ஏற்பாடு அது. அது வேலை செய்யாவிட்டால் நிறைந்த தொட்டியைவிடக் காலித் தொட்டிதான் ஆபத்து. உள்ளே ஆவியும் காற்றும் கலந்து நிற்கும், ஒரு பொறி போதும். 2023 மே 1 அன்று மலேசியா அருகே வெடித்த பாப்லோ, 1997இல் கட்டிய காபோன் கொடிக் கப்பல். சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகப் போய்க்கொண்டிருந்தது. அதன் மேல்தளமே பிய்த்துக்கொண்டு போனது. 28 பேரில் 3 பேரைக் காணவில்லை.

இந்தக் கப்பல்களில் வேலைக்குப் போகும் இளைஞர்களும் உங்கள் நாளிதழைப் படிக்கிறார்கள். அவர்களுக்காக இவற்றையும் அச்சிட வேண்டுகிறோம். ஏஜென்ட் கப்பலின் பெயரை மட்டும் சொன்னால் ஐ.எம்.ஓ. எண்ணைக் கேளுங்கள். ஈக்வாசிஸில் கடந்த இரண்டு ஆண்டில் கொடியும் பெயரும் எத்தனை முறை மாறின என்று பாருங்கள். காப்பீட்டாளர் பெயரைக் கேட்டு, அந்த 12 கழகங்களில் ஒன்று என்றால் அதன் இணையதளத்தில் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். வேலைக்குச் சேரக் கட்டணம் கேட்பது கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைக்கு விரோதம். கப்பலில் ஏறிய பின் இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை என்றால் அந்த உடன்படிக்கைப்படி நீங்கள் கைவிடப்பட்டவர். நான்கு மாதச் சம்பளம்வரை காப்பீட்டிலிருந்து கேட்கலாம். அந்தக் காப்பீட்டுச் சான்றிதழ் கப்பலில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். ஏறிய அன்றே கைபேசியில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஒப்பந்தத்தில் ஏழு இலக்க எண் எழுதப்படாமல் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
கப்பல் துறை வாசகர்கள் சிலர்