எங்கள் படகின் மெத்தைகளுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

இங்கிலாந்தின் மெட்வே ஆற்றுப் பக்கம் இருக்கும் எங்கள் ஆட்களுக்கும் படகுத்துறை நண்பர்களுக்கும் வணக்கம்.

எங்கள் பழைய வெஸ்டர்லி சென்டார் பாய்ப்படகின் உள்ளறை மெத்தைகள் ஒருவழியாக மாறிவிட்டன. ஃபோமும் புதிது, உறையும் புதிது. நேரில் கண்டவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டேன்தான். ஆனால் யார் என்ன செய்தார்கள் என்பது மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும், அதனால் இந்த மடல். தமிழ் தெரியாத நண்பர்களுக்கு மகள் வாசித்து ஆங்கிலத்தில் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

படகைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1969 முதல் 1980 வரை இங்கிலாந்தில் கட்டிய 26 அடிப் படகு வகை இது. அடியில் கால்கள் போல நீட்டிக்கொண்டு இரண்டு ஏராக்கட்டைகள் இருப்பதால், நீர் வற்றும்போது மெட்வேயின் சேற்றில் சாயாமல் நிமிர்ந்து நிற்கும். நாங்கள் இரவில் தங்குவது பெரும்பாலும் அப்படிச் சேற்றில் நின்றபடிதான். ஆகவே எங்களுக்குக் காற்றுக்கு விரிக்கும் பாயைவிட மெத்தை முக்கியம் என்று மனைவி சொல்வதில் நியாயம் உண்டு. பழைய மெத்தைகளுக்கு மேலே கட்டம் போட்ட துணி, கீழே பிளாஸ்டிக் பூச்சுத் துணி. கடல் உப்பு ஏறிய துணி காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், எத்தனை வெயிலில் போட்டாலும் முழுதாகக் காயாது. பூஞ்சண மணம் எங்கள் உடுப்புகளோடு வீடு வரைக்கும் வந்தது. ஒரு கடையில் செய்து தரக் கேட்டோம். அவர்கள் சொன்ன விலை, படகை வாங்கிய விலைக்குக் கிட்டப் போனது.

முதல் நன்றி, எங்களுக்குப் பக்கத்தில் படகு கட்டியிருக்கும் பெரியவருக்கு. படகுப் பாய் தைப்பதே அவர் பார்த்த தொழில். துணியைப் பற்றிக் கேட்கப் போன எங்களை அவர் துணிக்கடைக்கு அனுப்பவில்லை, மெத்தையைத் தூக்கிப் பலகையைப் பார்க்கச் சொன்னார். அடிப்பக்கம் சொதசொதவென்று இருந்தது. படகு ஒழுகுகிறது என்றுதான் எல்லோரும் நினைப்போம். உண்மையில் அது படுத்திருப்பவரின் சூடும் வியர்வையும்தான். அந்த ஈரம் ஃபோமுக்குள் இறங்கி, கீழே குளிர்ந்த பலகையில் பட்டு நீராகிறது. பிளாஸ்டிக் பூச்சு அதை வெளியேற விடாது. இதைச் சரிசெய்யாமல் போடும் புது மெத்தையும் பழசாகத்தான் போகும் என்றார். துளையிடும் மெஷினில் பூட்டும் வட்ட வாள் ஒன்றை எங்கிருந்தோ வாங்கித் தந்து, மெத்தைக்குக் கீழே சாமான் வைக்கும் லொக்கர்களின் பலகை மூடிகளில் வரிசையாக ஓட்டை போட வைத்தார். உறையின் அடிப்பக்கத்துக்கு வலைத்துணி போடச் சொன்னதும் அவர்தான். இந்த வேலையில் கேட்ட அறிவுரைகளிலேயே பெறுமதியானது இது. துணியின் நிறத்தைப் பற்றி வீட்டில் நடந்த விவாதமெல்லாம் இதற்கு முன் ஒன்றுமில்லை.

இலவம் பஞ்சு அடைத்தால் என்ன என்று எங்கள் மாமா கேட்டார். நாங்கள் சிரித்தோம், பெரியவர் சிரிக்கவில்லை. அந்தக் காலத்துப் படகுகளில் இலவம் பஞ்சு மெத்தைகள் இருந்தன, ஆள் கடலில் விழுந்தால் பிடித்து மிதக்க அவற்றையே எறிவார்கள் என்றார். மாமா அன்று முழுவதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்.

ஃபோம் கடைத் தம்பிக்கும் நன்றி. நாங்கள் தடிப்பானது கேட்டோம். அவன் நான்கு அங்குலத்தோடு நிறுத்தி, கொஞ்சம் இறுக்கமானதை எடுக்கச் சொன்னான். அதற்கு மேல் போனால் உட்காரும்போது தலை இடிக்குமாம், மெதுவானது என்றால் இடுப்பு பலகையைத் தொடுமாம். முன்பக்கப் படுக்கை, படகின் மூக்கோடு ஒடுங்கிப் போவது. பக்கச் சுவரும் மேலே போகப் போக விரியும். அதனால் ஃபோமின் ஓரத்தைச் சரிவாக வெட்ட வேண்டும், மேற்பக்கம் அகலமாகவும் கீழ்ப்பக்கம் ஒடுக்கமாகவும். பாண் வெட்டும் மின்சாரக் கத்தியால் அதை அவன் வெட்டியதைப் பார்க்க வேண்டும்!

இனி உறைகளைத் தைத்த ஜில்லிங்ஹாம் அக்கா. சட்டை தைக்கும் கூலிகூட வாங்க மாட்டேன் என்று நின்ற அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நாங்கள் பிரவுண் கடதாசியில் அளவு வெட்டிக்கொண்டு போனதும், விரித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இதைவிடச் சாறி பிளவுஸ் லேசு" என்றார். பிறகு ஒவ்வொரு கடதாசியிலும் மேல், கீழ், இடம், வலம் என்று கொட்டை எழுத்தில் எழுதினார். அது இல்லாவிட்டால் ஒரே பக்கத்துக்கு இரண்டு மெத்தை வந்திருக்கும். அவருடைய தையல் மெஷின் சிங்கர் 201கே. நேர்த்தையல் மட்டும்தான் போடும், ஆனால் நாலு மடிப்புத் துணியையும் முனகாமல் தைக்கும். ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்கில் செய்தது. அந்தத் தொழிற்சாலையை மூடியதும் 1980இல்தான், எங்கள் படகு வகையைக் கட்டுவதை நிறுத்திய அதே வருடம். 18ஆம் நம்பர் ஊசியும் பொலியெஸ்டர் நூலும் போட்டார். பருத்தி நூல் ஈரத்தில் உக்கிவிடும். உலோக ஜிப் உப்புக் காற்றில் இறுகிப்போகும் என்பதால் பிளாஸ்டிக் பல் வைத்த ஜிப். அதைப் பின்பக்கத்தோடு நிறுத்தாமல் இரண்டு மூலைகளையும் சுற்றிக் கொண்டுவந்தார். உறை தொளதொளக்காமல் இருக்க ஃபோமைவிட அரை அங்குலம் சிறிதாக வெட்டினார்.

அந்த இறுக்கமான உறைக்குள் ஃபோமைத் திணிக்க முடியாமல் நாங்கள் மல்லுக்கட்டியபோது வந்து காப்பாற்றியவர் பெரியவரின் மனைவி. ஃபோமை மெல்லிய பொலித்தீனில் சுற்றி, வக்யூம் கிளீனரால் காற்றை உறிஞ்சினார். அது அப்பளமாகச் சுருங்கியது. உறைக்குள் தள்ளி, பொலித்தீனைக் கிழித்து இழுத்ததும் ஊதி நிறைந்தது. பிள்ளைகள் அதைத் திரும்பச் செய்யச் சொல்லி அடம் பிடித்தார்கள். செய்தும் காட்டினார்.

கடதாசி பிடித்த, ஃபோம் சுமந்த, தேத்தண்ணி ஊற்றிய மற்ற எல்லோருக்கும் நன்றி. அக்காவுக்குத் தண்ணீர் என்றால் பயம். தான் தைத்ததை இன்னும் படத்தில்தான் பார்த்திருக்கிறார். நீர் முழுதாக வற்றியிருக்கும் ஒரு மதியம், ஏணி வைத்துக் கூட்டிப்போவதாகப் பேச்சு.

வலைத்துணியிலும் ஜிப்பிலும் கொஞ்சம் மீந்திருக்கிறது, தேவையானவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், அந்த வட்ட வாள் எங்களிடமிருந்து கைமாறிக் கைமாறி இப்போது யாருடைய படகில் இருக்கிறது என்று தெரியவில்லை. வைத்திருப்பவர் தயவுசெய்து பெரியவரிடம் கொடுத்துவிடவும். அதை அவர் யாரிடமோ இரவல் வாங்கித்தான் தந்தாராம்.